அடுத்தவர் கை வைத்த வண்டி

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் அத்தையும் சுகம்தானே? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? உங்கள் காதைப் பற்றி விசாரிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் தகடு தட்டிய காது இனிமேல் திருந்தப் போவதில்லை. போன மாதம் போனில் உங்களுக்காக நான் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டையை விலக்க ஓடி வந்துவிட்டார். அதனால்தான் கடிதம்.

விஷயம் எருமையைப் பற்றியது. இந்தப் பெயர் உங்கள் பட்டறையில் வைத்தது, நான் வைத்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு நீங்களே பாடி கட்டிக் கொடுத்த அந்த வண்டிதான் இப்போது எங்களுக்குச் சோறு போடுகிறது. மலை உச்சியிலுள்ள சிக்னல் கோபுரத்துக்கு ஆட்களையும் பேட்டரிகளையும் ஏற்றிப் போகிற வேலை. பாதை என்று பெயர்தான். ஓடைத் தண்ணீர் எந்தக் கல்லை விட்டு வைக்கிறதோ அதன் மேல் வண்டி போகிறது.

முன்கண்ணாடிச் சட்டத்தின் தூண் இருக்கிறதே, அதன் அடிப்பக்கத்தில் ஒரு விரிசல் வந்திருக்கிறது. விரல் நீளம் இருக்கும். கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் பானெட்டைத் தட்டி, "என் காலத்துக்கப்புறமும் இது ஓடும்" என்று சொன்னீர்கள். நீங்கள் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். வண்டி பிளக்க ஆரம்பித்துவிட்டது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். தகடு கொஞ்சம் மெலிசாகப் போட்டுவிட்டீர்களோ என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

அத்தையை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் மகள் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

பணிவுடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 15

மேன்மை தங்கிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நானும் உங்கள் மாமியாரும் இருக்கிறோம். அவளுடைய முழங்கால் படி ஏறும்போது திட்டுகிறது, இறங்கும்போது அழுகிறது. காது கேட்காததில் எனக்கு ஒரு வசதி உண்டு, எதிராளி உளறுவதில் பாதிதான் உள்ளே வரும். கடிதத்தில் அந்த வசதி இல்லை. முழுதையும் படிக்க வேண்டியதாகிவிட்டது.

தகடு மெலிசா என்று கேட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளை கேட்டு நான் சொல்லாமல் இருக்கலாமா? வீட்டில் ஒரு கம்பி இருந்தால் எடுத்து முன்னும் பின்னும் மடக்குங்கள். முதல் மடக்கில் ஒன்றும் ஆகாது. மடக்க மடக்க அந்த இடம் சூடாகும், பிறகு சட்டென்று கையோடு வந்துவிடும். மெலிசாக இருந்ததால் உடையவில்லை, மடக்கியதால் உடைந்தது. இரும்புக்கும் அசதி உண்டு, மாப்பிள்ளை. நம் அசதி தூங்கி எழுந்தால் போய்விடும். அதன் அசதி போகாது. ஏறி இறங்கிய ஒவ்வொரு பள்ளத்தையும் அது உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. அடிச்சட்டமான சேசிஸ் வேறு, பாடி வேறு. ஒரு சக்கரம் கல்லில் ஏறி இன்னொன்று குழியில் இறங்கும்போது கீழே சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கல் மேலே பாடிக்கு ஏறக் கூடாது என்றுதான் இரண்டுக்கும் நடுவே தடித்த ரப்பர் வைத்து போல்ட் போட்டேன். அந்த ரப்பர்கள் இருக்கின்றனவா? படித்தவர் நீங்கள், குனிந்து பார்க்கச் சிரமமாக இருக்கும். யாரையாவது விட்டுப் பாருங்கள்.

வண்டியை இங்கே கொண்டு வந்து விடுங்கள். நானே சரி செய்கிறேன். அங்கே எவனையும் பற்றவைக்கிறேன் என்று அதில் நெருப்பு வைக்க விடாதீர்கள். என் வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அடுத்தவர் கை வைத்த வண்டியில் நான் கை வைப்பதில்லை. என் கூடப் பிறந்த தம்பியின் வண்டியையே பட்டறை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியவன் நான். அவன் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கச் சொல்லி உங்கள் மாமியார் சொன்னாள். பொம்பளைகள் கேட்கிற கேள்வி. வேலை விஷயத்துக்கு நடுவே அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

என் மகள் ராங்கிக்கு என் ஆசீர்வாதம். ஒரு வரி எழுதக்கூட அவளுக்குக் கை வரவில்லையா என்று கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாமனார்


மார்ச் 2

மாமா அவர்களுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்பது உங்கள் கடிதத்தின் காரத்திலேயே தெரிந்தது.

ரப்பர் பற்றிக் கேட்டீர்கள். அவை காய்ந்துபோய்க் கிரீச் கிரீச்சென்று சத்தம் போட்டதால் போன வருஷமே நான் எடுத்துவிட்டு, இரும்பு வாஷர் போட்டு நன்றாக இறுக்கிவிட்டேன். சத்தம் நின்றுவிட்டது. குனிந்து நானேதான் செய்தேன், யாரையும் விடவில்லை.

வண்டியை அங்கே கொண்டு வருவது நடக்காத காரியம். போக வர ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம் வண்டி நின்றால் கோபுரத்துக்காரர்கள் வேறு வண்டியைப் பார்த்துக்கொள்வார்கள். அதனால் விரிசலை இங்கேயே பற்றவைத்தாகிவிட்டது. மேலே ஒரு பிளேட்டும் வைத்தாயிற்று. இங்கே ஒரு கை இருக்கிறது. தொழிலுக்குப் புதுசுதான், ஆனால் நிதானமான கை. நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அந்தக் கைக்கு ஆசை. படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள் நலம். காலையில் கிளம்பினால் திரும்பி வர இருட்டிவிடுகிறது, அதனால்தான் எழுத முடியவில்லை. தப்பாக நினைக்க வேண்டாம். அத்தைக்கு எங்கள் வணக்கம்.

பணிவுடன்,
மாப்பிள்ளை


மார்ச் 12

பேரறிவாளர் மாப்பிள்ளை அவர்களுக்கு,

சுகம் விசாரித்ததற்கு நன்றி. படம் வருகிறவரை சுகமாகத்தான் இருந்தேன்.

சத்தம் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வாயைப் பொத்தினால் யாருக்குத்தான் சத்தம் வரும்? சேசிஸ் முறுக்குவதெல்லாம் பாடியைப் பிடித்து முறுக்கட்டும் என்று நீங்களே குனிந்து, நீங்களே இறுக்கி வைத்திருக்கிறீர்கள். தூண் பிளந்ததற்கு என் தகட்டை விசாரித்தீர்களே, உங்கள் ஸ்பானரை விசாரித்தீர்களா?

இனி அந்தக் கை. படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தேன். கோழி கிளறிய குப்பை. ஒரு இடத்தில் நெருப்பு அதிகமாகித் தகடு உருகி வழிகிறது, அடுத்த இடத்தில் ஒட்டவே இல்லை. விரிசலின் நுனியில் துளை போடாமல் மேலே பூசி மெழுகியிருக்கிறது. நுனியில் ஒரு சின்ன வட்டத் துளை போட்டால்தான் விரிசல் அங்கே வந்து நிற்கும். இல்லையென்றால் பிளேட்டுக்கு அடியில் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். பிளேட்டோ, அலமாரிக் கதவு மாதிரி சதுரமாக வெட்டியது. அந்தக் கூர் மூலையிலிருந்துதான் அடுத்த விரிசல் கிளம்பும். மூலையை உருட்ட வேண்டும், ஓரத்தைச் சரித்து எடுக்க வேண்டும். இதையெல்லாம் நான் ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கைக்கு ஒரு மண்வெட்டி வாங்கிக் கொடுங்கள். குழி தோண்டிப் பிழைத்துக்கொள்ளட்டும்.

ஓட்டுகிற ஆளும் லேசுப்பட்ட ஆளில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் நீங்கள் ரிவர்ஸ் எடுத்த அழகை எல்லாரும் பார்த்தோம். வாசல் தூணை நீங்கள் மட்டும்தான் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர் மலையேறினால் இரும்பு என்ன செய்யும்?

ஆக, என் வழக்கப்படி அந்த வண்டிக்கும் எனக்கும் இனிச் சம்பந்தமில்லை. கை கழுவிவிட்டேன்.

என் மகள் காலையில் கிளம்பிப் போகிறாள் என்றால் எங்கே போகிறாள்? வேலைக்கு அனுப்பிவிட்டீர்களா? உங்கள் மாமியார் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கச் சொன்னாள். பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

மாமனார்


ஏப்ரல் 5

மாமா அவர்களுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் மகளுக்குக் கையில் கொஞ்சம் சூடு பட்டுவிட்டது. ஆறி வருகிறது, கவலைப்படும்படி இல்லை.

உங்கள் பாராட்டுகளை அந்தக் கைக்கு வரி விடாமல் படித்துக் காட்டினேன். மண்வெட்டி வரைக்கும் படித்தேன். மறுநாளே பிளேட்டை அறுத்து எடுத்து, விரிசல் நுனியில் துளை போட்டு, மூலையை உருட்டி, முதலிலிருந்து வைத்தாகிவிட்டது. கத்தத் தெரிந்தவர்கள் வேலையும் தெரிந்து வைத்திருப்பது சில சமயம் உபயோகமாக இருக்கிறது.

ஓட்டுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கோபுரத்து ஆட்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. முன்பெல்லாம் குடலைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் இப்போது வண்டியில் தூங்கிக்கொண்டே போகிறார்கள். மண்டபத்துத் தூணை இன்னும் எத்தனை காலம் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்?

ஒரு சின்னச் சந்தேகம். முன்பக்கம் ஸ்டியரிங் பாக்ஸை சேசிஸோடு சேர்க்கிற போல்ட்டுகள் இருக்கின்றன அல்லவா, அந்த இடத்தில் பெயிண்ட் ஒரு கோடாக உப்பியிருக்கிறது. கோட்டின் மேல் சிவப்பாகப் பொடி மாதிரி ஏதோ படிகிறது. துடைத்தால் போகிறது, ஒரு தடவை மலைக்குப் போய் வந்தால் மறுபடி வந்துவிடுகிறது. இது ஓடை மண்தானா, வேறு ஏதாவதா? கை கழுவியவரிடம் கேட்பது நியாயமில்லைதான். ஆனாலும் உங்கள் மகள் கேட்கச் சொன்னாள்.

அத்தையின் முழங்காலுக்கு எங்கள் வணக்கம்.

மாப்பிள்ளை


மே 10

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாமதத்துக்குக் காரணம் ஒன்றுமில்லை. பட்டறையில் வேலை. வெயில் கடுமை. உங்கள் மாமியார் முழங்காலுக்கு ஒரு எண்ணெய் வாங்கித் தேய்க்கிறாள், வீடு முழுக்க அந்த வாடைதான். பக்கத்துத் தெரு லாரிக்காரர் கேபினைக் கழற்றிக்கொண்டு வந்து போட்டிருக்கிறார். உங்கள் கடிதத்தைப் பட்டறை மேசையிலேயே வைத்திருந்தேன். அதை எதற்கு இத்தனை நாளாக எடுத்து எடுத்துப் பார்க்கிறீர்கள் என்று உங்கள் மாமியார் கேட்டாள். எழுத்து புரியவில்லை என்றேன்.

சிவப்புப் பொடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்களிடம்தான் ஒரு கை இருக்கிறதே, நிதானமான கை. அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லிக் கொடுத்து, அது பேர் வாங்கியது போதும். மலையில் மண் சிவப்பாகத்தானே இருக்கும்? மண்ணாக இருக்கலாம். அடுத்தவர் கை வைத்த வண்டியைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

மெதுவாக ஓட்டுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். என் மகளை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். கடைக்கோ வேறு எங்கோ போவதாக இருந்தால் நடந்து போகட்டும். கையில் சூடு பட்டது எப்படி என்று எழுதவில்லையே. மருந்து போட்டாளா?

மாமனார்


மே 18

மாமா அவர்களுக்கு,

சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது.

மண்தான் என்று நீங்களே எழுதிவிட்டதால் மனம் நிம்மதியாகிவிட்டது. வண்டி வழக்கம்போல் மலைக்குப் போய் வருகிறது.

என் மனைவியை என் வண்டியில் ஏற்றுவதற்கு உங்கள் உத்தரவு தேவை என்று நான் நினைக்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கும் அந்த மலை மேல் ஆசைதான். அடுத்த வாரத்திலிருந்து தினமும் முன் சீட்டில் உட்கார்ந்து மேலே வருவாள். இறக்கத்தில் இறங்கும்போது பள்ளத்தாக்கு அழகாகத் தெரியும். ஏற்றக் கூடாது என்பதற்கு ஏதாவது காரணம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம்.

அத்தைக்கு வணக்கம்.

மாப்பிள்ளை


மே 23

மாப்பிள்ளை,

வண்டியை நிறுத்துங்கள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த இடத்திலேயே நிறுத்துங்கள். அது மண் இல்லை. உள்ளே சேசிஸ் விரிசல் விட்டிருக்கிறது. விரிசலின் இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று உரசி இரும்பு மாவாக விழுகிறது, ஈரம் பட்டுச் சிவக்கிறது. பொடி மறுபடி மறுபடி வந்தால் விரிசல் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் இறக்கத்தில் ஸ்டியரிங் பாக்ஸ் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஸ்டியரிங் கையில் இருக்கும், சக்கரம் அது பாட்டுக்குப் போகும்.

அவளை ஏற்றாதீர்கள். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், அவளை ஏற்றாதீர்கள். உடனே பதில் எழுதுங்கள்.

மாமனார்


ஜூன் 7

மாப்பிள்ளைக்கு,

பதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனை விட்டு உங்கள் போனுக்குப் பேசச் சொன்னேன். மணி அடிக்கிறதாம், யாரும் எடுக்கவில்லையாம். உங்கள் மாமியார் சாப்பிடவில்லை. நானும்தான். நான் எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேரும் சுகம் என்று ஒரு வரி போதும்.

மாமனார்


ஜூன் 14

அப்பாவுக்கு,

சுகம். இரண்டு பேரும் சுகம். நீங்கள் கேட்ட ஒரு வரியை முதலிலேயே எழுதிவிட்டேன். அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். மற்றதை உட்கார்ந்து படியுங்கள்.

அந்த வண்டியை ஓட்டுவது நான். இந்த வேலை எடுத்த புதிதில் அவர்தான் ஓட்டினார். பள்ளத்தாக்கு கண்ணில் பட்டால் அவருக்குத் தலை சுற்றும். ஓரமாக நிறுத்தி வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பார். பார்க்கச் சகிக்காமல் நான் பிடித்துக்கொண்டேன். தினமும் காலையில் கிளம்பி இருட்டுகிற வரைக்கும் நான் போகிற இடம் அதுதான். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான். பெண்டாட்டியை ஓட்ட விட்டுவிட்டுப் பின்னால் உட்காருகிறவன் என்று நீங்கள் அவரை எப்படியெல்லாம் பேசுவீர்கள் என்பது எனக்குத் தெரியாதா?

அந்தக் கையும் நான்தான். சின்ன வயதில் பட்டறையில் உங்கள் பின்னாலேயே நிற்பேன். வெல்டிங் டார்ச்சைத் தொடப் போனால், "பொம்பளப் புள்ளைக்கு நெருப்பு எதுக்கு, தள்ளி நில்லு" என்பீர்கள். தள்ளி நின்றுதான் பார்த்தேன். மிச்சத்தைக் கோபுரத்து ஆட்கள் சொல்லிக் கொடுத்தார்கள். கோழி கிளறிய குப்பை என்று எழுதினீர்கள். உண்மைதான், குப்பைதான். அதனால்தான் அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி வைத்தேன். வேலையைத் திட்டினால் எனக்குக் கோபம் வராது அப்பா. இது அதைப் பற்றிய கடிதம் இல்லை.

சிவப்புப் பொடியைப் பற்றி ஏப்ரல் மாதம் உங்களைக் கேட்டோம். எனக்கு லேசாகச் சந்தேகம் இருந்தது. ஆனால் நான் புதுக் கை. அப்பாவுக்குத் தெரியும், ஆபத்து என்றால் என்ன கோபம் இருந்தாலும் சொல்லிவிடுவார் என்று இவரிடம் சொன்னேன். பதில் வரவில்லை. வரவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு தினமும் அந்த இறக்கத்தில் இறங்கினேன். பின்னால் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒரு மாதம் கழித்து, மண்ணாக இருக்கலாம் என்று பதில் வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன். என் மகளை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் நேரே போய் வண்டிக்கு அடியில் படுத்தேன். நீங்கள் செய்வது மாதிரியே பெயிண்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவிக் காத்திருந்தேன். உள்ளே போன எண்ணெய் மெல்ல ஊறிப் பொடியில் கோடாக வந்தது. ஒரு போல்ட்டிலிருந்து அடுத்த போல்ட்டுக்கு, அங்கிருந்து கீழே சேசிஸின் அடிவரைக்கும். அன்றைக்கே வண்டி நின்றுவிட்டது.

மே மாதம் இவர் பெயரில் வந்த கடைசிக் கடிதம் நான் சொல்லச் சொல்ல இவர் எழுதியது. வேண்டாம், வயசானவர், பாவம் என்றார். நான்தான் கேட்கவில்லை. முன் சீட்டில் நான் உட்காரப் போகிறேன் என்று எழுதினால் நீங்கள் வாயைத் திறக்கிறீர்களா என்று பார்க்க வேண்டியிருந்தது. திறந்தீர்கள், தபால் போய் வருகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் திறந்தீர்கள். அவர் தனியாகப் போகிறார் என்றபோது அது மண். நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்றதும் இரும்பு மாவு.

அவரை விழ விட்டிருப்பீர்கள். கை கழுவிய வண்டி என்று சொல்லிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், மாப்பிள்ளையை மலையிலிருந்து விழ விட்டிருப்பீர்கள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பீர்கள். ஊரில் எவ்வளவு மட்டமான டிங்கரைக் காட்டிச் சிரிப்பீர்கள் நீங்கள். அவர்களில் ஒருத்தர்கூட இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

உங்கள் கடைசி இரண்டு கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்ததும், போனை எடுக்க வேண்டாம் என்றதும் நான்தான். நீங்கள் எங்கள் கடிதத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் வைத்துப் பார்த்தேன். அம்மாவை நினைத்தால்தான் கஷ்டமாக இருந்தது.

அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னாளே, பொம்பளைகள் கேட்கிற கேள்வி. அது என்ன என்று இப்போதாவது அவளிடம் கேளுங்கள்.

மகள்


ஜூன் 20

ராங்கிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் அம்மா சாப்பிட்டாள்.

கேள்வி என்ன என்று கேட்டேன். என் காதோரம் வந்து, "வண்டிய யாரு ஓட்டுறாங்கன்னு கேளுங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். என் பொண்ண எனக்குத் தெரியும். நீங்க கேக்கல" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. காது கேட்காதவனிடம் பேசாமல் இருந்தால் அவனுக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைப்பாய். தெரிகிறது.

எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். தெரியும். படித்த உடனே தெரிந்தது.

நான் அங்கே வருகிறேன். சேசிஸுக்கு வேண்டிய தகடு வெட்டி வைத்துவிட்டேன், ரப்பரும் வாங்கிவிட்டேன். நான் வருகிறவரை நீ அதைத் தொடாதே. யார் கை வைத்திருந்தாலும் பரவாயில்லை, நானே செய்து தருகிறேன். செய்ய விடு.

மாப்பிள்ளையிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அப்பா


ஜூன் 29

அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு இந்த ஊர்ப் படிகள் ஆகாது. கீழ் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். இரண்டு பேரும் வாருங்கள். வரக் கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முயற்சி செய்து பார்த்தேன்.

தகட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வேலை முடிந்துவிட்டது. ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றி, விரிசல் நுனியில் துளை போட்டு, பழைய இரும்பு வெள்ளையாகத் தெரிகிறவரை கிரைண்டர் பிடித்துப் பற்றவைத்தேன். வெளியே ஒரு தகடு வைத்திருக்கிறேன், இரண்டு முனையும் மீன் வால் மாதிரி சரித்து வெட்டியது. பாடிக்கு மறுபடியும் ரப்பர் போட்டாகிவிட்டது. கிரீச் கிரீச்சென்று சத்தம் வருகிறது. அவர் அதைக் கேட்டு வாயைத் திறப்பதில்லை. நான் மறுபடியும் சாக்பீஸ் பொடி தூவிப் பார்த்தேன், கோடு வரவில்லை. காரணத்தைச் சொன்னதும் கோபுரத்துக்காரர்கள் தற்காலிகமாக வேறு வண்டி வைத்து எங்களுக்காகக் காத்திருந்தார்கள். நேற்றிலிருந்து மலைக்குப் போகிறோம்.

நீங்கள் அதைத் தொட வேண்டாம். அடுத்தவர் கை வைத்த வண்டி அது. உங்கள் வழக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு அவர் வந்து உங்களைக் கூட்டி வருவார். மேன்மை தங்கியவரே, பேரறிவாளரே என்றெல்லாம் இழுக்காதீர்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவருடைய பெட்டியை நீங்கள் தூக்குங்கள் என்று சொல்லலாம் என்று பார்த்தேன், ஆனால் பெட்டி உங்களுடையதாகத்தான் இருக்கும். அவர்தான் தூக்குவார்.

மறுநாள் காலையில் உங்களைக் கோபுரத்துக்குக் கூட்டிப் போகிறேன். நீங்கள் முன் சீட்டில், என் பக்கத்தில். இறக்கத்தில் கதவுப் பக்கம் நீங்கள்தான் இருப்பீர்கள், பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும். என் வேலையில் நம்பிக்கை இல்லையென்றால் இறங்கி நடக்கலாம், ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது.

அவரும் நடந்திருக்கலாம். அந்தப் பாதை அவருக்குத் தெரியும். ஏப்ரலில் இருந்து மே வரைக்கும், அந்தப் பொடி விழுந்துகொண்டிருந்த அத்தனை நாளும், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பேட்டரிகளுக்கு நடுவே என் பின்னால் உட்கார்ந்திருந்தார். நீ தனியாகப் போகக் கூடாது என்றார். ஒரு நாள்கூட இறங்கவில்லை.

அம்மாவுக்கு என் முத்தங்கள். பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
அந்தக் கை